பலூன் போட்ட பேப்பர் கப்

இரண்டு இலவச சினிமா டிக்கெட்டுகளை எங்கள் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் என் கையில் தந்தபோது எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, சந்தேகம். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் எனக்கும் என் சிநேகிதிக்கும் மட்டும் ஏன்? நிறவெறிச் சட்டம் இருந்த காலத்து அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரிக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கும் இடையில் இருந்த நட்பைப் பற்றிய படமாம். உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் தோலைப் பார்த்துத்தானே தருகிறாய் என்று அன்று முழுவதும் மனதுக்குள் கறுவிக்கொண்டு திரிந்தேன். எனக்கு இது பிறவிக் குணம். தபால்காரர் இரண்டு தரம் மணி அடித்தால், ஏன் இரண்டு தரம் என்று யோசிக்கிற ஆள் நான்.

என் சிநேகிதியும் யாழ்ப்பாணம்தான். என்னைவிட ஆறு வயது இளையவள். ஜெர்மனியின் ஹம் நகரில் இருக்கும் அந்த இல்லத்தில் எட்டு வருடங்களாக ஒரே மாடியில் வேலை செய்கிறோம். என் கணவருக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தபோது என் வேலை நேரத்தையும் சேர்த்துச் செய்தவள் அவள். விசா அலுவலகத்துக்கு Antrag என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்புவதென்றால் நான் அவளிடம்தான் ஓடுவேன். ஆனாலும் அவள்மேல் எனக்கொரு சந்தேகம் இருந்தது. என் வீட்டுக்கு வந்தால் வாயில் ஒன்றும் வைக்க மாட்டாள். "இப்பதான் குடிச்சிட்டு வாறன் அக்கா" என்பாள். கைப்பையில் எப்போதும் ஒரு பச்சை நிறத் தண்ணீர்ப் போத்தல் இருக்கும்.

வேலையிடத்தில் என்றால் என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து கத்தரிக்காய்க் குழம்பைத் தாராளமாக அள்ளிச் சாப்பிடுவாள். வீட்டில்தான் பச்சைத் தண்ணீரும் வேண்டாம். என் குசினி துப்புரவில்லை என்று நினைக்கிறாளோ? தேத்தண்ணிக்குள் ஏதாவது போட்டுக் கொடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறாளோ? கணவரிடம் கேட்டால், உனக்கு வேறு வேலை இல்லை என்று டிவியைப் பார்ப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். இவ்வளவு பழகியும் என்னை நம்பவில்லையே என்று உள்ளூர நொந்துபோய் இருந்தேன்.

படம் எசன் நகரில். சனிக்கிழமை மதியம் ரயிலில் போனோம். படத்தில் இரண்டு பெண்களும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் ஓடி வருகிறாள். ஆனால் வெள்ளைக்காரியின் வீட்டில், கறுப்பினப் பெண் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு தகரக் குவளை தனி ஆணியில் தொங்குகிறது. வெள்ளைக்காரி அதை ஒவ்வொரு நாளும் பளபளவென்று தேய்த்து வைக்கிறாள், அதுவும் அன்போடு. நான் விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் இவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கல்லு மாதிரி இருந்தாள். இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு குவளைக்குள் எவ்வளவு கொடுமை, எப்படி மனம் வந்தது அவளுக்கு என்று பொரிந்து தள்ளினேன். சிநேகிதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவவுக்கு அது தெரியாது அக்கா. தான் நல்லவ எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவ" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்கட வீட்டிலை எனக்கும் அப்பிடித்தான் நடந்தது."

அவள் முதல்முதல் என் வீட்டுக்கு வந்த நாளில் கணவரின் அக்காவும் அங்கே இருந்தார். மச்சாள் வழக்கம்போல விசாரணையைத் தொடங்கினார். ஊர் எது? சிநேகிதி ஊரைச் சொன்னாள். அதிலை எவடம்? கோயிலுக்குக் கிட்டவோ, பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமோ? எந்தத் தெரு, எந்த ஒழுங்கை? சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்கும் வித்தை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவள் ஒழுங்கையைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வந்தது, அவளுக்குப் பேப்பர் கப்பில்.

அன்றைக்கு மகளின் பிறந்தநாளுக்கென்று பேப்பர் கப் வாங்கி வைத்திருந்தேன், எல்லாருக்கும் அதில்தான் ஊற்றியிருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லை அக்கா. உங்களுக்கும் உங்கட மச்சாளுக்கும் பீங்கான் கப். எனக்கு மட்டும்தான் பேப்பர் கப். அதிலை மஞ்சள் பலூன் படம் போட்டிருந்தது."

பலூன் படம் எனக்கு நினைவிருந்தது.

வீட்டுக்கு வந்த கையோடு மச்சாளுக்கு போன் எடுத்தேன். இது அவருடைய வேலையாகத்தான் இருக்கும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. அன்றைக்கு அந்தப் பேப்பர் கப்பை எடுத்துக் கொடுத்தது நீங்கள்தானே என்று நேரடியாகவே கேட்டேன்.

"நான் கதிரையை விட்டு எழும்பவேயில்லை" என்றார். "நீர்தானே தேத்தண்ணி போட்டனீர். நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டீர் எண்டு எனக்குச் சந்தோஷம்."

போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்றேன். அலுமாரியைத் திறந்ததோ அந்தப் பேப்பர் கப் பாக்கெட்டைப் பிரித்ததோ எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதையும் நான் இப்போது நம்புவதில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் இந்த ஒரு கையை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் இனி என் வீட்டுக்கு வராமல் விட்டுவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு வரச் சொல்லிக் கேட்டேன். "வாறன்" என்றாள். நம்பவில்லை. ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்தாள், கைப்பையில் பச்சைப் போத்தலோடு. செய்தது பிழை என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள், மன்னித்தாளா இல்லையா என்று அதில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி அலுமாரியில் இருந்து தங்கக் கரை போட்ட கப்பை எடுத்தேன். ஜெர்மன்காரர் வந்தால் மட்டும் வெளியே வருகிற கப் அது. அதில் அவளுக்கு ஊற்றி முன்னால் வைத்தேன். எனக்கு வழக்கமான, காது உடைந்த கப்.

அவள் இரண்டு கப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இண்டைக்கும் எனக்கு வேறை கப்தான் என்ன, அக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. எழும்பிப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சாதாரண கப் ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் மாற்றி ஊற்றினேன். மேசையில் கொஞ்சம் சிந்தியது. குடிக்கிறாளா என்று பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன், ஏலவில்லை. பார்த்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றாள்.

எட்டு வருடங்களில் அவள் என் வீட்டில் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.