தனபால் என்னிடம் சொல்லாத பதினெட்டு

தனபால் இறந்த செய்தியை எனக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பழுதுக்குக் கொடுத்த மோட்டாரைத் திரும்ப வாங்க வந்த தொண்டூர்க்காரர்தான் கேட்டார்: "இன்னாண்ணா, எழவுக்குப் போவலியா? உங்க கூட்டாளிதான அவரு?" நாங்கள் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அது தெரியும். செஞ்சியில் அவர் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். பக்கத்துக் கடையில் நான் மோட்டார் காயில் கட்டினேன். ஐம்பது வயதுக்கு மேல், யாரிடமும் போகாமல், இருவரும் புரோகிராம் எழுதக் கற்றோம். பல நாட்டுக்காரர்கள் கூலியில்லாமல் சேர்ந்து எழுதும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களுக்குக் குறிப்பு எழுதும் வேலையை எடுத்துக்கொண்டோம். சொற்களை நகலெடுக்கிற, நீளம் அளக்கிற சிறு நிரல்கள் அவை. எதைக் கொடுத்தால் எது திரும்பும் என்று மேலே நாலு வரி. அந்த வரியை நம்பித்தான் அடுத்தவன் கம்ப்யூட்டர் நினைவகத்தில் இடம் ஒதுக்குவான். வரி தப்பானால் அவன் நிரல் பக்கத்து இடத்தில் ஏறி மிதிக்கும்.

"புரோகிராம் பொய் சொல்லாதுண்ணா. மேல குறிப்பு எழுதுறான் பாரு, அவன்தான் சொல்லுவான்" என்பார் தனபால். ஒருமுறை நான் "போதிய இடம் வேண்டும்" என்று எழுதியிருந்தேன். "போதியன்னா எவ்ளோ? இது இன்னா கல்யாணப் பந்தியா, பாத்துப் போட?" என்று சிரித்தார். அன்றே திருத்தினேன். முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர் என்று அவரை நம்பினேன்.

நீளம் அளக்கும் ஃபங்ஷனுக்கு, "எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும்" என்று எழுதினேன். "எழுத்துன்னே போட்டுடலாமாண்ணா?" என்றார். "ஆங்கிலத்துல பத்து தடவ போட்டுப் பாத்துட்டேன்யா. ஒரு சொல்ல மாத்தினா என் கடைப் பக்கம் வராத" என்று கத்தினேன். "சரிண்ணா" என்றார்.

பிறகு அதைத் தனபால் அனுப்பி, அந்த வெளிநாட்டுக் குழு ஏற்று வெளியிட்டபோது, எங்கள் இருவர் பெயருக்கும் கீழே, "எழுத்து" இருந்த இடத்தில் "பைட்" இருந்தது; கம்ப்யூட்டர் இடத்தை அளக்கும் அலகு அது. கேட்டேன். "அவங்க மாத்தச் சொன்னாங்கண்ணா" என்றார். குழுவிடமிருந்து வந்த கடிதங்கள் அத்தனையும் படித்தேன். யாரும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தினேன்.

காரியத்தன்று அவர் மனைவி சரோஜா ஒரு தாளைக் கொடுத்தார். தனபாலின் கையெழுத்து. "செஞ்சி" என்று எழுதி, பக்கத்தில் பதினெட்டு. கண்ணுக்கு மூன்று எழுத்து. அந்த ஃபங்ஷன் பதினெட்டு பைட் என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் கொம்பும் புள்ளியும்கூடத் தனியாக எண்ணப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நான் தமிழில் போட்டே பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குத் தப்புன்னு சொன்னா தாங்காதாம். 'அவங்க சொன்னாங்கன்னே இருக்கட்டும், அண்ணன் அவங்களத் திட்டிட்டுப் போவட்டும்'னாரு. நீங்க அவரையே திட்டினீங்க."

நான் கத்தியது உண்மைதான். கத்துகிறவனுக்கு உண்மை தெரிய வேண்டாமா? சொல்லை மாற்றியதைவிட, தாங்கமாட்டேன் என்று என்னை எடைபோட்டதுதான் துரோகம். அவர் மறைத்ததால், பேச்சு நின்ற பிறகு நான் தனியாக அனுப்பிய மூன்று குறிப்புகளிலும் அதே தப்பு நின்றது.

மூன்றையும் திருத்தி அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது, கண்டுபிடித்தவர் தனபால் என்று எழுதியிருக்கிறேன். அவரை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இப்போது எந்த ஃபங்ஷன் வந்தாலும், குறிப்பு எழுதும் முன் "செஞ்சி" என்று போட்டுப் பார்க்கிறேன்.