சம்பந்தி விழுங்காத மசியல்

ஆண்ட்வெர்ப் நகரத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய யூதர் தெருக்களில், ப்ரைன்டல் வெக்ஸ்லர் என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் ஆளைக் காட்டுவதற்கு யாருக்கும் கொஞ்சம் நேரமாகும். "கிழங்கு ப்ரைன்டல்" என்றால் போதும். கல்யாண மண்டபத்துச் சமையலறையில் கறிக்கும் மீனுக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். உருளைக்கிழங்கு மசியல் மட்டும் அவள் கைக்குத்தான் வரும். வெள்ளை வெளேரென்று, கட்டி தட்டாமல், நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் மசியல். கறிச் சாப்பாட்டில் பாலோ வெண்ணெயோ ஒரு சொட்டும் சேரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் அவள் மசியலிலும் ஒரு சொட்டு கிடையாது. இருந்தும் அது எப்படி அப்படி இருக்கிறது என்று ஆண்ட்வெர்ப்பில் ஒருவரும் கேட்டதில்லை. பல் முளைத்த நாளிலிருந்து தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

அவளுக்கு அந்தக் கிழங்கின் மேல் ஆசை பிடித்தது ஒன்பது வயதில். கீழ்வீட்டில் லாம்ப்ரெக்ட்ஸ் அம்மாள் என்ற பிளமிஷ்காரி, உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண், இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வெண்ணெயும் பாலும் ஊற்றி, ஜாதிக்காயைச் சுரண்டிப் போட்டுக் கிழங்கு மசிக்கும் வாசனை மாடிப்படி ஏறி வந்து ப்ரைன்டலின் மூக்கில் உட்காரும். ப்ரைன்டலின் தாயும் கிழங்கு மசிப்பாள். கோழிக் கொழுப்பு விட்டு, மணல் மணலாக. கரண்டியை நட்டால் நிற்கும்.

"அம்மா, கீழ்வீட்டு மாதிரி நம்ம வீட்டுல ஏன் பண்றதில்ல?"

"தட்டுல கறி இருக்கில்ல? கறி இருக்கிற இடத்துல பால் எப்படிடி வரும்? வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"அப்ப பால் இல்லாமலே அந்த மாதிரி பண்ணலாமே?"

"பண்ணேன். பண்ணிட்டு எனக்கும் ஒரு தட்டு கொண்டா."

ப்ரைன்டல் அந்தப் பேச்சை மறக்கவில்லை. கல்யாணமாகித் தனக்கென்று ஒரு அடுப்பு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள். முதலில் மார்கரின் போட்டுப் பார்த்தாள். மெழுகுவத்தி வாசனை அடித்தது. பாதாம் பால் ஊற்றினாள். பாயசத்தில் கறியை முக்கித் தின்பது போல இனித்தது. மின்சார மிக்சியில் அடித்தாள். அது பசையாகிவிட்டது. அவளுடைய கணவன் யிடல், வைரக் கடைகளுக்கு நடுவே தரகு பார்த்துத் திரிகிற மனிதர், ஒரு வாய் வைத்துவிட்டுத் தன் இடது கால் செருப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்ன இது, சாப்பிடுற இடத்துல?"

"அடி கழண்டிருக்கு. உன் மசியல் காயறதுக்குள்ள ஒட்டிக்கலாம்னு பார்த்தேன்."

வழி கிடைத்தது தெருவில் குழாய் வேலை நடந்த ஒரு வெள்ளிக்கிழமை. தண்ணீர் வராது என்று சொல்லிவிட்டார்கள். கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல், பாத்திரம் கழுவவாவது ஆகட்டும் என்று எடுத்து வைத்தாள். மசியல் இறுகிப்போனபோது இளக்குவதற்கு வேறு தண்ணீர் இல்லை; அதையே ஒரு கரண்டி ஊற்றினாள். மாவுச்சத்து இறங்கிய அந்தக் கலங்கல் தண்ணீர், கிழங்கோடு சேர்ந்ததும் பால் ஊற்றியது போலத் திரண்டு வந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மாவாக உதிரும் பின்ட்யே ரகக் கிழங்குதான் ஆகும். வெந்ததும் வடித்து, வெறும் சட்டியில் திரும்பப் போட்டு ஈரம் போக உலர்த்த வேண்டும். சூட்டோடு சல்லடையில் தேய்க்க வேண்டும், அடிக்கக் கூடாது. வாத்துக் கொழுப்பில் வெங்காயத்தைச் சிவக்கவிடாமல், உருத் தெரியாமல் கரையும்வரை சின்னத் தணலில் வைத்து வடிகட்டி, அந்தக் கொழுப்பை நூல் போல விட்டுக் கிளற வேண்டும். இடையிடையே கிழங்குத் தண்ணீர். கடைசியில் ஜாதிக்காய்.

கிழவியாகிப்போன லாம்ப்ரெக்ட்ஸ் அம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் சப்புக்கொட்டிவிட்டு, "வெண்ணெய் எந்தக் கடையில வாங்குற, ப்ரைன்டல்?" என்று கேட்டாள். ப்ரைன்டல் அன்றைக்கு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். அவள் ஆயுசில் அதைவிட நல்ல வார்த்தை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அதே வார்த்தை அவள் மகள் தொய்பேயின் நிச்சயதார்த்தத்தை ஆட்டிப் பார்க்கும் என்று அவள் எங்கே கண்டாள்?

மாப்பிள்ளை ஆன்ஷல், மான்செஸ்டர்க்காரப் பையன். பார்த்துப் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், தொய்பே பாத்திரம் கழுவும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். பையனின் அப்பா கல்மன் ஹெர்ஷ்லர், மரியாதைக்கு 'ரெப்' சேர்த்து ரெப் கல்மன், வேதம் படித்தவர், ஆசாரத்தில் மயிரிழை பிசகாதவர். அவருடைய மனைவி எட்டல், மனதில் பட்டதை உதட்டில் நிறுத்தி வைக்கத் தெரியாதவள். பிப்ரவரி மாதம். ஓஸ்டெண்ட் துறைமுகத்தில் மூடுபனி என்று கப்பல் கடலிலேயே நின்றுவிட்டதாம். காலையில் வரவேண்டியவர்கள் சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள், முகமெல்லாம் வெளுத்து.

வழக்கப்படி முதலில் நிச்சயப் பத்திரம் வாசித்துக் கையெழுத்துப் போட்டு, இரண்டு தாய்மாரும் சேர்ந்து ஒரு பீங்கான் தட்டை உடைக்க வேண்டும். பிறகுதான் சாப்பாடு. யிடலுக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"முதல்ல சாப்பிடட்டும் ப்ரைன்டல். பசியில கையெழுத்துப் போட்டா கோணலா விழும்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறை எங்கயும் ஓடிப்போகாது. அந்த மனுஷன் மயங்கி விழுந்தா ஓடிப்போவானே மாப்பிள்ளை."

அப்படித்தான் கையெழுத்துக்கு முன்னால் இலை விழுந்தது; அதாவது, தட்டு விழுந்தது. ஆண்கள் மேஜையின் ஒரு கோடியில், பெண்கள் மறு கோடியில். காலையிலிருந்து தணலில் கிடந்த மாட்டுக் கறி. நடுவில் பெரிய வெள்ளைக் கிண்ணத்தில் மசியல்.

ரெப் கல்மன் கறியில் இரண்டு துண்டு சாப்பிட்டார். தலையை ஆட்டி நன்றாக இருக்கிறது என்று காட்டினார். பிறகு மசியலில் ஒரு பெரிய கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

வைத்தவர் அசையவில்லை. கண் மட்டும் அகலமாக விரிந்தது. முள்கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கன்னம் இரண்டும் உப்பியபடியே இருந்தன. அவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதைப் பார்த்து ஆன்ஷல் கரண்டியைக் கீழே வைத்தான். அவன் தம்பிகள் வைத்தார்கள். மேஜையில் ஒவ்வொரு கரண்டியாக அடங்கியது.

"என்ன ரெப் கல்மன், சூடா?" என்றார் யிடல்.

"ம்ம்."

"உப்புக் கம்மியா?"

"ம்ம்ம்," என்று தலையை இடமும் வலமும் ஆட்டி, வயிற்றில் கையை வைத்துக் காட்டினார் ரெப் கல்மன். மேல்கோட்டு மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

ப்ரைன்டலுக்குப் புரிந்துவிட்டது.  நாலு பேர் முன்னால் ஒரு பெண்பிள்ளையைத் தலைகுனிய வைப்பது பெரும் பாவம் என்று படித்த மனிதர், வாய் திறக்கமாட்டார். வயிற்று வலி என்று சொல்லிக் கப்பலேறிவிடுவார். பத்திரம் மடித்தபடியே கிடக்கும். பிறகு மான்செஸ்டரிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வரும், காரணம் எழுதாமல். கறிச் சட்டியில் வெண்ணெய் போடுகிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? பக்கத்தில் தொய்பே முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"சம்பந்தி, எதுவா இருந்தாலும் வாய் திறந்து சொல்லிடுங்க," என்றாள் ப்ரைன்டல்.

"அவர் எப்படித் திறப்பாரு?" என்றாள் எட்டல். "வாய் நிறைய உங்க வெண்ணெய் இருக்கு. முழுங்கினா பாவம், துப்பினா உங்களுக்கு அவமானம். மனுஷன் தவிக்கிறாரு பாருங்க, தவளை மாதிரி."

"வெண்ணெயா? என் கறிச் சமையல்லயா? எட்டல், இதுல ஒரு சொட்டுப் பால் பட்டிருந்தா என் கை விளங்காமப் போகட்டும்!"

"கையைச் சபிக்காதீங்க சம்பந்தியம்மா. நானும் கிழங்கு மசிக்கிறவதான், முப்பது வருஷமா. வெண்ணெய் இல்லாம இப்படி வராது."

யிடல் நடுவில் புகுந்தார். "வரும்மா, வரும். ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"ஊரு உங்க ஊரு. என்ன சொல்லுவாங்க?"

ப்ரைன்டல் யோசித்தாள்.  பாலுக்கென்று தனியாக வைத்திருக்கும் பாத்திர அலமாரியைத் திறந்து, எல்லாம் உலர்ந்து கிடக்கிறது பார் என்று காட்டலாம். துடைத்து வைத்தாயா என்று கேட்டால்? எழுந்தாள். சமையல் மேலங்கியை இறுக்கிக் கட்டினாள்.

"சம்பந்தி, சமையலறைக்கு வாங்க. எட்டல், நீங்களும் வாங்க, உங்க கண்ணு முன்னாடியே நடக்கட்டும். என் பேச்சை நம்ப வேண்டாம். கிழங்கைத் தோல் சீவுறதுலேர்ந்து எல்லாம் நீங்களே செய்யுங்க. நான் ஒண்ணையும் தொடல."

ரெப் கல்மன் மனைவியைப் பார்த்தார். மனைவி தோளைக் குலுக்கினாள். உப்பிய கன்னத்தோடு அவர் எழுந்து நடந்தார். சமையலறை மூலையில் திரும்பி நின்று கைக்குட்டையில் துப்பினார். வாயை மூன்று தரம் கொப்பளித்தார். முதல் வார்த்தையாக, "கத்தி எங்க?" என்றார்.

எட்டல் தோல் சீவினாள். கிழங்கு வேகும்வரை ரெப் கல்மன் அடுப்பை விட்டு நகரவில்லை. பரீட்சை நடத்துகிற வாத்தியார் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொழுப்பு ஜாடியை முகர்ந்தார். ஜாதிக்காயைக்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்தார். வெளியே யிடல் பசித்த விருந்தாளிகளுக்குப் பிளம் பிராந்தியை ஊற்றி, தெரிந்த கதையையெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியைக் கொட்டிடாதீங்க!" என்று கத்தினாள் ப்ரைன்டல்.

"எதுக்கு, இந்த அழுக்குத் தண்ணி?" என்றாள் எட்டல்.

"அதுதான் பால்."

ரெப் கல்மன் கறுப்பு மேலங்கியைக் கழற்றிக் கதவில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். சல்லடையில் கிழங்கைப் போட்டு மரக்கரண்டியால் சுழற்றினார்.

"சுத்தாதீங்க, தேயுங்க. சுத்தினா பசையாயிடும். என் வீட்டுக்காரர் செருப்பு ஒட்டிட்டாரு ஒரு தடவை."

"தேய்ச்சா போக மாட்டேங்குது."

"கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல இவர் கரண்டி பிடிச்சு நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றாள் எட்டல். "மெதுவா தேயுங்க, சல்லடை அவங்களோடது."

ரெப் கல்மனின் நெற்றி வேர்த்தது. தாடியில் கிழங்கு ஒட்டியது. கொழுப்பை ப்ரைன்டல் சொன்னபடி நூல் போல விட்டார். கலங்கல் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொரு கரண்டி. சட்டிக்குள் அது திரண்டு, வெளுத்து, பளபளக்க ஆரம்பித்தது. அவர் கிளறுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எட்டல், இங்க வந்து பாரேன்!"

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். ப்ரைன்டல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடிக்குப் பின்னால் அது மெல்ல ஏறி இறங்கியது.

"இதுல பால் இல்ல. என் கையாலயே செஞ்சேன், எனக்குத் தெரியும். ஆனா நாக்கு நம்ப மாட்டேங்குதே சம்பந்தி! உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டு..." அவர் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு அப்புறம் கேக்கலாம். அடி பிடிக்குது, கிளறுங்க."

அவர் கிளறினார். கிளறிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணு மட்டும் செய்யணும். நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அவனும் என்னை மாதிரியே வாயை மூடிக்கிட்டு உக்காந்துடுவான். பாதாம் பாலைக் கறியோட வச்சா, பக்கத்துல நாலு பாதாம் போட்டு வைக்கிறோம் இல்லையா, பாக்கிறவனுக்குத் தெரியட்டும்னு? இதுக்கும் ஓர் அடையாளம் வேணும்."

"தண்ணிக்கு என்னத்த அடையாளம் வைக்கிறது?" என்றாள் ப்ரைன்டல்.

"இந்தப் பாலைக் கொடுத்தது இதுதானே?" என்று எட்டல் சீவாமல் மீந்திருந்த ஒரு கிழங்கை எடுத்துக் காட்டினாள். அதைத் தோலோடு வேகவைத்து, மசியலின் நடுவில் கோபுரம் போல நிறுத்தினார்கள். ரெப் கல்மனே அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, கை மடித்த சட்டையோடு கூடத்துக்குள் நுழைந்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க! நான் செஞ்சது!" என்றார். தொய்பே அழுதுகொண்டே சிரித்தாள். பத்திரம் வாசிக்கும்போது பாதிப் பேருக்கு ஏப்பம் வந்தது. இரண்டு தாய்மாரும் தட்டைச் சேர்த்துப் பிடித்து நாற்காலி முதுகில் அடித்தார்கள். அது முதல் அடியிலேயே நொறுங்கியது.

ஜூன் மாதம் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மேஜைக்கு மேஜை ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு முழுக்கிழங்கு. ரெப் கல்மன் இரண்டு தரம் மசியல் வாங்கிச் சாப்பிட்டார். அதுவும் போதாமல், நடுவில் நின்ற கிழங்கையும் எடுத்துத் தோலை உரித்துத் தின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த, ஜூரிக்கிலிருந்து வந்த ஒரு மாமா முள்கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவருடைய கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"முழுங்குங்க! முழுங்குங்க!" என்று துள்ளி எழுந்தார் ரெப் கல்மன். "இருங்க, இதோ வந்துட்டேன்!" மேலங்கி பறக்க, இன்னொரு கிழங்கு வாங்கிவரச் சமையலறையை நோக்கி ஓடினார்.