நாற்பத்தாறு வரிகள்

தராசுக்காரர் லேசில் யாரையும் நம்பமாட்டார். கடைத் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவர் பிழைப்பு. காலித் தட்டோடு முள் எங்கே நிற்கிறது என்பதை, மணி உட்பட நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுப்பார். "நீ கைவச்சதுக்கு அப்புறம்தான் கெட்டுச்சு" என்று எவனும் வந்து நிற்கக் கூடாதல்லவா? முப்பது வருடப் பழக்கம். பால்காரரிடமும் அதே நோட்டுதான், மருமகனிடமும் அதே நோட்டுதான்.

அப்படிப்பட்டவரிடம் போய் வாலாட்டியது ஒரு மருத்துவமனை. மூச்சுத் திணறலோடு சேர்த்த மனைவி அங்கே பதினோரு நாள் கிடந்தாள். நான்காம் நாள், வாசலில் இருந்த கட்டணப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். எல்லாமே ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதினோரு நாளுக்கும் புதுக் கணக்கில் பில் நீட்டினார்கள். கடையை அடகு வைத்துக் கட்டினார். கையோடு வழக்கும் போட்டார். தோற்றால் கடை போய்விடும்.

பலகையில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். எந்த நாளின் பலகை என்று சட்டத்தை எழுதியவர்கள் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டிருப்பார்களோ என்று அவருக்கு அதிலும் சந்தேகம். தன் வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலோடு டீ குடித்ததைப் பார்த்த நாளிலிருந்து அவரையும் நம்பவில்லை. மனைவியைச் சேர்த்த அன்றே பழைய பலகையை அப்படியே எழுதி வைத்திருந்த நோட்டைக்கூட விசாரணை நாள்வரை வக்கீல் கண்ணில் காட்டவில்லை.

இவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டவரைச் சந்தேகப்பட வீட்டில் ஓர் ஆள் இருந்தாள்.

"ஸ்ட்ரெச்சர்ல என்னை உள்ள தள்ளிட்டுப் போறப்போ திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீங்க எங்கங்க இருந்தீங்க?"

"உன் பின்னாலயேதான் வந்தேன். மயக்கத்துல உனக்கென்ன தெரியும்?"

"அப்போ போர்டை எப்ப எழுதினீங்க?"

"உன்னைப் படுக்க வச்சதுக்கு அப்புறம், வெளிய வந்துதான்."

நாலு மாதத்தில் ஏழெட்டு முறை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

விசாரணையன்று அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"பில் போட்ட அன்னைக்கு இருந்த பலகைதான் கணக்கு. பழைய பலகை இப்போ இல்லை. இந்த நோட்டை இவர் நேத்து உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

தராசுக்காரரின் வக்கீல் நோட்டை வாங்கிப் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, வரிக்கு வரி மணி போட்டிருக்கார்! பத்து பத்துக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடிச்சிருக்கார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல அந்த அம்மாவை உள்ள கொண்டுபோன நேரம் பத்தே கால். மனைவி உள்ள போறப்போ இவர் பலகை முன்னாலதான் நின்னிருக்கார்!"

பின்வரிசைப் பக்கம் திரும்பத் தராசுக்காரருக்குத் தைரியம் வரவில்லை.

நீதிபதி நோட்டை நெடுநேரம் பார்த்தார். "விலையைப் பார்த்துட்டு வேற இடம் போகலாமான்னு யோசிக்க வாசல்ல நிக்கிறவங்களாலதான் முடியும். கட்டில்ல கிடக்கிறவங்க எங்க போவாங்க? பலகை வைக்கணும்னு சட்டம் சொன்னதே அதுக்காகத்தான். சேர்ந்த அன்னைக்கு இருந்த பலகைதான் செல்லும். அதிகமா வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"கடை தப்பிச்சுது" என்றார்.

"மொத்தம் எத்தனை வரிங்க?"

"நாற்பத்தாறு."

"ஒண்ணுகூட விடலையா?"

"விடலை."

இதை மட்டும் அவள் உடனே நம்பினாள்.