பந்துக்கு முங்கப் போன சகாயம்

என் வீட்டுக்காரர் சகாயத்துக்கு வாயில் பொய் வராது. ஒரே ஒரு பொய் சொன்னார், அதுவும் அடுத்தவனுக்கு நல்லது செய்யப் போய். இப்போது கடலுக்கும் போவதில்லை, கல்ஃபுக்கும் போவதில்லை. மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். நான் திட்டினால்கூடத் திருப்பித் திட்டுவதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

முட்டம் பக்கத்துக் கரையில் பிறந்தவர். பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியை மூச்சடக்கி முங்கி எடுப்பதுதான் தொழில். கல்யாணத்துக்குப் பிறகு கல்ஃபுக்குப் போனார். அங்கே என்ன வேலை தெரியுமா? கோல்ஃப் மைதானத்துக் குளத்தில் விழும் பந்துகளை முங்கி எடுப்பது. பனி பெய்யும் நாடுகளிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெயில் காய வந்து, ரிசார்ட்டில் தங்கி விளையாடுவார்களாம். "ஏட்டி அஜிஷா, இங்க சிப்பிக்குப் பதிலு பந்து, அவ்வளவுதான்" என்று போனில் சிரிப்பார்.

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவன் பிபின். எங்கள் மாவட்டத்திலேயே மலைப்பக்கம் இருக்கும் கீரிப்பாறைப் பையன். அவன் அம்மா ரெத்தினபாய் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். வெயிலில் பிபின் அடிக்கடி மயங்கி விழுவதைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், "எங்க ஊர்க்காரன் சார், என்னப்போல முங்குவான், எனக்குத் துணைக்கு விடுங்க" என்றிருக்கிறார். மலையில் வளர்ந்த பையனுக்கு நீச்சலே தெரியாது. இவர் முங்குவார், அவன் கரையில் வலைப்பையைப் பிடித்து நிற்பான், அதுதான் இவர் போட்ட கணக்கு. கன்னியாகுமரிக்காரன் என்றால் எல்லாரும் கடலில் பிறந்தவர்கள் என்று சூப்பர்வைசருக்கு நினைப்பு. நம்பிவிட்டான்.

போன ஜனவரியில் விளையாட ஒரு கோஷ்டி வந்தது. அன்றைக்கு இவர் காதில் சீழ் வைத்து அறையில் படுத்துக் கிடந்தார். கோஷ்டியில் ஒருவருடைய ராசியான பந்து குளத்தில் விழுந்துவிட்டது. அதுதான் வேண்டும் என்று அந்த ஆள் நிற்க, சூப்பர்வைசர் பிபினை இறங்கச் சொன்னான். குளத்தின் சரிவு முழுக்க பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் வழவழவென்று பாசி. இறங்கினவனால் ஏற முடியவில்லை. செய்தி கேட்டு இவர் ஓடிப்போய் முங்கித் தூக்கியபோது உயிர் இல்லை. கோஷ்டி அதற்குள் அடுத்த குழிக்குப் பந்தடிக்கப் போயிருந்தது. நாசமாய்ப் போக! எங்கள் கரையில் ஒருவனைக் காணவில்லை என்றால், ஆள் கிடைக்கும்வரை ஒரு வள்ளமும் மீனுக்குப் போகாது.

பிபினின் சவப்பெட்டியோடு இவரும் ஊருக்கு வந்தார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரெத்தினபாய் கூப்பிட்டனுப்பினார். பஸ்ஸிலேயே நான் சொல்லிவிட்டேன். "இஞ்ச பாரும், அங்க வந்து வாயத் தொறக்காதீரும். விஷயம் வெளிய வந்தா உம்ம வேலை போச்சு. பிள்ளைகளுக்க முகத்த நெனச்சுப் பாரும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரெத்தினபாய் அழவில்லை. கோபத்தில் இருந்தார்.

"கம்பெனிக்காரன் போனுல சொல்லுகான், நீச்சல் தெரியும்னு இவனே பொய் சொல்லித்தான் அந்த வேலையில சேந்தானாம். எம்பிள்ள பொய் பேசமாட்டான்னு சொல்லிட்டு நடந்தவ நான். பெட்டிக்க முன்னால நின்னு அவன ஏசினேன் மக்கா. பொய் சொல்லியா லே செத்தன்னு கேட்டேன்."

நான் இவர் தொடையைக் கிள்ளினேன்.

"அவன் சொல்லல்ல அம்மா. நான் சொன்னேன்" என்றார் இவர். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ரெத்தினபாய் செருப்பை எடுத்து அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் கேட்டது வேறு. "நீ அப்பிடிச் சொன்னது பிபினுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீச்சல் தெரியாதுன்னு அன்னைக்கு அவன் சொல்லியிருந்தா?"

"எனக்க வேலை போயிருக்கும்."

"அப்போ ஒன்னக் காட்டிக்குடுக்கப்பிடாதுன்னு எறங்கியிருக்கான்."

இவருக்கு இது தோன்றவே இல்லை. எனக்கும்தான். இவர் தரையில் குத்துக்காலிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதுவரை இவர் தொடையில் வைத்திருந்த கையை நான் எடுத்துவிட்டேன். பஸ்ஸில் பேசிய பேச்சை நினைக்க எனக்கே கூசியது.

ரெத்தினபாய் எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க போங்க மக்களே. எனக்குக் கல்லறைக்குப் போணும். நான் ஏசினத அவன்கிட்ட திருப்பி எடுக்கணும்."