செல்லியைக் காணோம்

இன்று காலையில் மீன் அரிய உட்கார்ந்தேன். எங்கள் கிழட்டுப் பூனை செல்லி வரவில்லை. அவளுக்குக் காது கேட்காது. ஆனால் மீன் வாடை அடித்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள்.

எங்கள் ஊர் அக்காள்மடம் முழுக்கத் தேடினேன். பக்கத்து வீட்டு மதினி சொன்னாள்: "வயசான பூனை வீட்டுல சாகாது தாயி. தானா எங்கிட்டாவது போயிரும்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரரின் பாய்மரப் படகு கரைக்கு வந்தது. அவர் கையில் செல்லி.

"வலையை விடப் போறேன், உள்ளருந்து ரெண்டு கண்ணு மினுங்குது" என்றார்.

விடியுமுன் மடித்து வைத்த வலைக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறாள். அவர் கவனிக்காமல் வலையைக் கடலில் விட்டிருந்தால்?

"வலையத் தோள்ல வச்சுத் தூக்குனீகளே, அப்பத் தெரியலையா?"

"கனமே தெரியலையே புள்ள."

காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை. இந்த ஒரு பதில்தான் பயமாக இருக்கிறது: அவ்வளவு மெலிந்துவிட்டாளா?

உங்கள் வீட்டில் மீன் தலை மிஞ்சினால் எங்களுக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த முறை இவளைத் தூக்குகிறவருக்குத் தோள் வலிக்க வேண்டும்.