சுவரில் ஒட்டிய ஓட்டுத் தொழிற்சாலை நோட்டு

மாட்டை வாங்க வந்தவனிடமே மாட்டின் விலையைக் கேட்கிற ஆளா நீங்கள்? இல்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனால் பரணிலிருந்து ஒரு பழைய பணநோட்டுப் பெட்டி இறங்கிவிட்டால், ஜெர்மனியில் எங்கள் சாலே ஆற்றங்கரை ஊரில் படித்தவர்கள்கூட அதைத்தான் செய்கிறார்கள். நேராக எக்கார்ட் வீபுஷிடம் போகிறார்கள்.

பெர்லின் சுவர் விழுந்த கையோடு காப்பீட்டு முகவரானவர் வீபுஷ். தோட்டமே இல்லாதவர்களுக்கு ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்றார் என்று இன்றும் பேச்சு உண்டு. அந்தப் பிழைப்பு காய்ந்ததும் பழைய பணத்துக்கு வந்தார். சிவப்பு முத்திரை போட்ட பழைய ஆயிரம் மார்க் நோட்டுக்கு அரசாங்கம் என்றாவது தங்கம் தரும் என்று நூறு வருடமாக ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. எந்தக் குப்பைக்கூடையிலும் கிடைக்கிற அந்த நோட்டை, அதை நம்புகிறவர்களாகப் பார்த்து விற்றார். வாங்குவதற்கு வேறு தந்திரம் வைத்திருந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, ஹைக்கேயின் பீர்க்கடைப் பின்னறையில் எங்கள் சேகரிப்பாளர் சங்கம் கூடும். வீபுஷ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு உட்காருவார். காகிதத்தின் தரம் வெறும் விரலுக்குத்தான் தெரியும். கையுறை, பெட்டி கொண்டு வருகிறவர்கள் மிரளுவதற்காக. மேலே கிடக்கும் கோடி மார்க் நோட்டுகளை எடுத்துக் காட்டி, "இது ஒண்ணுத்துக்கும் உதவாது" என்பார். அது உண்மைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றில் மத்திய வங்கி அச்சடித்தவற்றில் பெரும்பாலானவை இன்று கால் காசு பெறாது. சுழிகளை எண்ணுவது வீண். யார் அச்சடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அன்றைய பணவீக்கத்துக்கு வங்கியால் ஈடுகொடுக்க முடியாதபோது சிற்றூர்களும் ஆலைகளும் கூலி கொடுக்கத் தாங்களே நோட்டு அடித்தன. அவற்றில் சிலவற்றுக்கு இரண்டோ மூன்றோ பிரதிதான் மிஞ்சியிருக்கிறது; அவற்றுக்குத்தான் விலை. இதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

எங்கள் சங்கத்தில் ஒரு நாகரிகமும் உண்டு. ஒருவர் மேசையில் பேரம் நடந்தால் அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. திருடனுக்குத் திண்டு போட்டுக் கொடுக்கும் அந்த நாகரிகத்தைக் காறித்தான் துப்ப வேண்டும்.

மார்ச் மாதம் ரோஸ்வித்தா பொலென்ஸ் ஒரு சுருட்டுப் பெட்டியோடு வந்தார். அவருடைய தோட்டக் குடிலின் கூரையைப் புயல் பிய்த்திருந்தது. ஈஸ்டருக்குள் சரிசெய், இல்லாவிட்டால் நிலத்தை விடு என்று அதைக் குத்தகைக்குக் கொடுத்த தோட்டச் சங்கம் சொல்லிவிட்டது. முப்பது வருடமாக அவர் பயிரிட்ட நிலம். அன்று நான் ஊரில் இல்லை. நடந்ததை ஹைக்கேதான் பிறகு சொன்னாள்.

பெட்டியின் நடுவில், கூரை ஓடு சுடும் எங்கள் ஊர் ஓட்டுத் தொழிற்சாலை அந்த நாளில் கூலிக்காக அடித்த நோட்டு இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சு, வட்ட முத்திரை, கையால் போட்ட கையெழுத்து. வீபுஷ் வாழ்நாளெல்லாம் தேடியது. அவர் கை நிற்காமல் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தது; காது மட்டும் சிவந்தது.

"சுவர்ல ஒட்டத்தான் ஆகும், அம்மா. பெட்டி அழகா இருக்கு. அதுக்காக இருபது யூரோ தரேன்."

பக்கத்து மேசையில் இரண்டு உறுப்பினர்கள் அந்த நோட்டைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் காப்பியைக் கலக்கினார்கள்.

"குப்பைக்குக் காசு வாங்கிப் பழக்கமில்லீங்க," என்று பொலென்ஸ் அம்மா பெட்டியை மூடினார். வீபுஷ் வாசல்வரை பின்னாலேயே போய் ஐம்பது என்றார், எண்பது என்றார். "என்ன, பிச்சை போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை ஊர் திரும்பி விஷயம் தெரிந்ததும் தோட்டத்துக்கு ஓடினேன். எனக்கு முன்பே வீபுஷ் அங்கே இருந்தார், ஒரு கையில் கேக்கு, மறு கையில் குடிலின் அடுப்பில் கொதித்த கெட்டில். குடிலின் பலகைச் சந்துகளில் காற்று வராமல் பொலென்ஸ் அம்மா எல்லா நோட்டையும் மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஜன்னலுக்குக் கீழே, ஒழுகும் இடத்தில், ஓட்டுத் தொழிற்சாலை நோட்டு.

எங்களைக் கேட்காமலே வீபுஷ், பசை இளகட்டும் என்று அதன்மேல் கெட்டிலின் ஆவியைக் காட்டினார். முத்திரை மை நீலமாகக் கரைந்து ஓடியது. கையெழுத்தும் போயிற்று. கத்தியை நுழைத்தபோது காகிதம் குறுக்கே கிழிந்தது.

"ஒட்டச் சொன்னது நீங்கதானே. இப்ப எதுக்கு உரிக்கிறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

வீபுஷ் கத்தியைத் துடைத்தார். நான்தான் சொன்னேன், அந்த ஒரு நோட்டுக்குக் கூரையே போட்டிருக்கலாம் என்று.

அவர் வீபுஷ் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே இது உங்களுக்குத் தெரியுமா?"

"கேக்கு சாப்பிடுங்க," என்றார் வீபுஷ்.

ஈஸ்டருக்குப் பிறகு நிலம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் குடிலை இடித்தார்கள். அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை வீபுஷ் அதே கையுறையோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அதே இரண்டு காப்பிக் கோப்பைகள். நான் எழுந்து அவர் மேசையருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து, பெட்டியோடு வருகிறவர்களிடம் உண்மையான விலையைச் சத்தமாகச் சொல்கிறேன். என்னை நாகரிகமில்லாதவன் என்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மேசை இருக்கும். நோட்டாக இல்லாவிட்டால் நிலமாகவோ நகையாகவோ இருக்கும். அங்கே உங்களுக்கு விலை தெரிந்தால், காப்பியைக் கீழே வைத்துவிட்டு, விற்க வந்தவர் காதில் விழும்படி அதைச் சொல்லுங்கள்.