ஐந்து மெஷினும் ஓடிய நாள்

எங்கள் ஆணி பாக்டரி சாகக் கிடக்கிறது என்பதை டெல்லிக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அந்தமானில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கி மேடேறி இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஷெட் இருந்தது. உள்ளே ஐந்து மெஷின். கம்பிச் சுருளை ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் தலை தட்டி, முனை வெட்டி, ஆணியாகக் கொட்டும். அதை மரத்தூளோடு டிரம்மில் போட்டு உருட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு போய்ப் பளபளக்கும். பிறகு பெண்கள் உட்கார்ந்து, வளைந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, எடை போட்டுச் சாக்கில் கட்டுவார்கள். என் மாமனார் அந்தக் காலத்தில் காண்ட்ராக்டராக இந்தத் தீவுக்கு வந்தவர். ஒரு ஆணிக்குக்கூட மெயின்லேண்ட் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரப்பட்டு ஆரம்பித்த தொழில் இது. அவருடைய ஆத்திரத்தில்தான் நாங்கள் பல வருஷம் சோறு தின்றோம்.

அப்புறம் வெளிநாட்டு ஆணி வந்தது. அழகான அட்டைப் பெட்டியில், கடைக்காரர்கள் அடுக்கி வைக்கத் தோதாக வந்தது. நாங்கள் கம்பி வாங்குகிற விலைக்கு அவர்கள் ஆணியையே விற்றார்கள். என் வீட்டுக்காரர் நம்பாமல் ஒரு பெட்டி வாங்கி வந்து பிரித்தார். எடை போட்டுப் பார்த்தார், குறையவில்லை. பலகையில் அடித்துப் பார்த்தார், வளையவில்லை. நல்ல ஆணிதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். மட்டமான சரக்காக இருந்தால் வாயார வைதுவிட்டாவது ஆறியிருப்பேன்.

மெயின்லேண்டில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அடக்க விலைக்கும் கீழே இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள், நாமெல்லாம் இழுத்து மூடும்வரை கொட்டுவார்கள், மூடிய பிறகு அவர்கள் வைத்ததுதான் விலை என்று சங்கத்தார் டெல்லியில் மனுப் போட்டார்கள். இதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு விசாரணை இருக்கிறது. வெளியிலிருந்து கொட்டுவதால் உள்ளூர்த் தொழில் அடிபட்டிருக்கிறது என்று தெரிந்தால், அந்தச் சரக்குக்குக் கூடுதல் வரி போடுவார்கள். எங்கள் ஷெட்டில் அதற்கு டம்பிங் கேஸ் என்று பெயர்.

நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஆணிப் பட்டறைகள்தான். எல்லா இடத்துக்கும் ஆபீசர்கள் போய்ப் பார்க்க முடியுமா? சிலதை மட்டும் பொறுக்கி, அந்தக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் முடிவு செய்வார்களாம். பொறுக்கியதில் எங்களுடையதும் விழுந்தது. அந்தமான் என்று பார்த்ததும் யாருக்கோ கடற்கரை ஆசை வந்திருக்கும் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார் வீட்டுக்காரர். அவருக்கு அது விளையாட்டில்லை. சங்கத்துச் செயலாளர் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பொறுக்கியதில் ஒருவர் ஏற்கெனவே கழன்றுகொண்டார், உங்கள் கணக்கும் நிற்கவில்லை என்றால் கேஸ் நிற்காது, எதையும் ஜோடிக்காதீர்கள், இருக்கிறபடி கண்ணால் பார்க்கட்டும் என்று.

இருக்கிறபடி என்றால், ஐந்தில் ஒரு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாலும் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. ஸ்டோர் ரூமில் விற்காத ஆணிச் சாக்குகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை. ஹேடோ துறைமுகத்தில் இறக்கிக் கொண்டுவந்த கம்பியில் கடைசிச் சில சுருள்கள் மட்டும் மூலையில் இருந்தன. ஹட்பேயில் படகுத்துறை வேலை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டர் நீள ஆணி கேட்டிருந்தார். அந்தக் கம்பி அவருக்கானது. அதை முடித்துக் கொடுத்தால் அடுத்த கப்பலுக்குக் கம்பி சொல்லலாம், அதற்குள் டெல்லியில் வரியும் வந்துவிட்டால் மூச்சு விடலாம் என்பதுதான் எங்கள் கணக்கு. இரண்டில் ஒன்று போனாலும் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

பேக்கிங்கில் மூத்தவர் ஒரு அக்கா. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு அக்கா குடும்பத்தோடு பாம்பூஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார். ஆபீசர்கள் வருவதற்கு முந்தின நாள், அக்காவையும் மற்றப் பெண்களையும் மெஷின் ஓட்டுகிற வங்காளி மிஸ்திரியையும் நிற்கவைத்து என் வீட்டுக்காரர் பேசினார். டெல்லியிலிருந்து ஆபீசர்கள் வருகிறார்கள், நம் பாக்டரி இருக்குமா இருக்காதா என்பது அவர்கள் பார்ப்பதில்தான் இருக்கிறது, ஆனால் யாரும் எதையும் தொட வேண்டாம், எல்லாம் கிடக்கிறபடி கிடக்கட்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலப் படகில் அக்கரையிலிருக்கும் டவுனுக்குப் போய், மரைன் ஹில்லில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். காலை விமானத்துக்கு ஆபீசர்களை எதிர்கொள்ள அதுதான் வசதி.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நடுத்தர வயது அம்மாள், நிதானமானவர். மற்றவர் கணக்குப் பார்க்கிற இளைஞர். அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வந்தார்கள். சாத்தம் ஜெட்டியில் படகு ஏறினோம். எந்த மாதத்திலிருந்து விற்பனை சரிந்தது, எத்தனை பேரை நிறுத்தினீர்கள் என்று அந்த அம்மாள் படகிலேயே இந்தியில் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. பிழைத்துக்கொள்வோம் என்று எனக்கே ஒரு தைரியம் வந்தது.

ஜெட்டியில் இறங்கியதும் சத்தம் கேட்டது. ஆணி மெஷின் ஒன்று ஓடினாலே காது அடைக்கும். இது அந்தச் சத்தமில்லை. ஐந்தும் சேர்ந்து ஓடுகிற சத்தம். நான் அதைக் கேட்டு இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

ஷெட் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. வழியோரக் கல்லுக்கெல்லாம் காவியும் வெள்ளையும். விஐபி வந்தால் இந்தத் தீவில் கல்லுக்குக்கூட வர்ணம் அடிப்பார்கள், அதைப் பார்த்தே வளர்ந்த ஜனம். பெண்கள் அத்தனை பேரும், நாங்கள் வேலையை விட்டு நிறுத்தியவர்கள்கூட, தீபாவளிச் சேலையில் வரிசையாக உட்கார்ந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு அக்கா சந்தனம் கொடுத்து, இளநீர் கொடுத்தார். மிஸ்திரி கிரீஸ் கையோடு ஓடி வந்து, "பாஞ்ச் கா பாஞ்ச் சாலூ, பாபி" என்றான். ஐந்துக்கு ஐந்தும் ஓடுது அண்ணி என்று என்னிடம் சொல்கிறான், பாவி. முகமெல்லாம் சிரிப்பு.

நான் அக்காவை டிரம்முக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், என்ன காரியம் செய்தீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மொதலாளி கையில காசு இல்லாமத்தான் ஒண்ணும் வேணாங்குறாருன்னு எங்களுக்குத் தெரியாதா அம்மா? நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சுண்ணாம்பு வாங்கிட்டோம்" என்றார். "தொர வார நாள்ல லயத்தக் கூட்டாமப் போட்டு வச்சா, அந்த லயத்து ஆளுகள யாரு வேலைக்கி வச்சிக்குவா?"

தோட்டத்தில் துரை பார்வையிட வருகிற நாளில் குடியிருப்பு வரிசையை மெழுகிக் கோலம் போட்டு வைப்பார்களாம். அக்காவுக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது. நான் என்ன சொல்ல? எங்கள் நாசத்தைப் பார்க்கத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள் அக்கா என்று அந்த இரைச்சலில் கத்தவா முடியும்?

அந்த அம்மாள் ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னார். திறந்தால் காலி. தரையைக் கழுவி, நடுவில் பெரிதாகக் கோலம் போட்டு, சுவரில் லட்சுமி படத்துக்குச் சாமந்தி மாலை. விற்காத சரக்கு ஒரு சாக்குகூட இல்லை. இளைஞர் கையிலிருந்த கணக்கைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், திரும்பவும் கணக்கைப் பார்த்தார். கணக்குப்படி அந்த அறையில் நிற்க இடம் இருக்கக் கூடாது. விற்காமல் தேங்கிய சரக்குதான் நாங்கள் அடிபட்டதற்கு முதல் சாட்சி. விற்காமல் கிடந்தால் அசிங்கம் என்று சாட்சியைத் தூக்கி ஒளித்துவிட்டார்கள்.

பெண்கள் வாசலில் நின்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அந்த இடத்தில் காட்டிக்கொடுக்க என் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது. எல்லாம் ஜோடனை மேடம், நேற்று வரை ஒரே மெஷின்தான், சரக்கெல்லாம் இவர்கள் வீட்டில் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்று என் ஓட்டை இந்தியில் கொட்டித் தீர்த்தேன்.

போனோம். அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில், குளிக்கிற இடத்தில், பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டிலில் என்று சாக்கு சாக்காக இருந்தது. இளைஞர் வேர்க்க விறுவிறுக்க எண்ணினார். ஒரு வீடு பூட்டியிருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் சாவியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான். எண்ணிக்கை உதைத்தது. அதற்கு மேல் இளைஞர் கேட்ட கேள்விதான் என்னைக் கொன்றது. பில் இல்லாமல், கேட் பாஸ் இல்லாமல் சரக்கு எப்படி வெளியே வந்தது? அப்படியென்றால் இதற்கு முன்பும் வந்திருக்கலாம், விற்றும் இருக்கலாம் இல்லையா? கரண்ட் பில்லைப் பாருங்கள், சம்பளப் பட்டியலைப் பாருங்கள் என்று நான் அழாத குறையாகக் கெஞ்சினேன். ஆட்டுக் கொட்டில் வாசலில் நின்றுகொண்டு ஒரு அரசாங்க அதிகாரியிடம், நாங்கள் நிஜமாகவே நாசமாகிவிட்டோம், நம்புங்கள் என்று கெஞ்சினேன். என் ஜென்மத்தில் அப்படிக் கூசியதில்லை.

அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"எனக்காக ஒரே ராத்திரியில் ஒரு பாக்டரியையே மாற்றிக் காட்டியிருக்கிறீர்கள்" என்றார். "கணக்கை மட்டும் மாற்றவில்லை என்று நான் எதை வைத்து எழுதுவது?"

பில்லையும் பட்டியலையும் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு, மத்தியானப் படகில் போய்விட்டார்கள். பெண்கள் ஜெட்டிவரை வந்து வழியனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் மெஷின் பக்கம் போனார். ஐந்தும் நின்றிருந்தன. ஓட்டுவதற்குக் கம்பி இல்லாமல் நின்றிருந்தன. படகுத்துறைக்கு வைத்திருந்த சுருள்களைத்தான் விடிகாலையிலிருந்து ஓட்டியிருக்கிறான் மிஸ்திரி. சாக்குப் போர்த்திக் கிடந்த நாலு மெஷினும் தேய்ந்து போனவை, நீளமாக இழுக்காது. தடிக் கம்பியைக் குட்டை குட்டையாக வெட்டித் தள்ளியிருந்தன. தடியாக, கட்டை விரல் நீளம்கூட இல்லாமல், யாருக்கும் எதற்கும் உதவாத ஆணி. முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அவர் அதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

நான் பெண்களைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக் கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லாத. சொந்தக் காசப் போட்டுச் செஞ்சிருக்காங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

நாம் மட்டும் தாங்குவோமா என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெண்களிடம் சொல்லவில்லைதான், ஆனால் பல நாள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை.

காண்ட்ராக்டர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு டவுனில் அட்டைப் பெட்டி ஆணி வாங்கிக்கொண்டு ஹட்பே போய்விட்டார். டெல்லியிலிருந்து முடிவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. எங்கள் கணக்கை நம்பத் தகுந்ததாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, மீதி இருப்பதை வைத்துத் தொழிலுக்குப் பாதிப்பு என்று சொல்ல முடியவில்லை, வரி கிடையாது, விசாரணை முடிக்கப்படுகிறது. சங்கத்துச் செயலாளர் போனில் திட்டக்கூட இல்லை. சரி என்று வைத்துவிட்டார். மெயின்லேண்டில் எத்தனை பட்டறை மூடியதோ, நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டோம். லாரி வந்த அன்று பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். ஐந்தாவதையும் ஏற்றியாயிற்று. அக்கா மட்டும் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"பின்பக்கச் சுவத்துக்குச் சுண்ணாம்பு பத்தாமப் போச்சு அம்மா. இன்னும் கொஞ்சம் காசு சேத்திருக்கணும் நாங்க. அந்த அம்மா அதப் பாத்துட்டாங்க, அதான் இப்பிடி ஆயிருச்சு."

இல்லை அக்கா, அவர்கள் பின்பக்கம் போகவே இல்லை என்றேன்.

"நெசமாவா?" என்று கேட்டார்.

நிஜமாகத்தான் என்றேன்.